ஆற்றுக்குக் கிராண்ட் இல்லை

மூன்றாம் முறை மீன் மிதந்த அன்று
உட்கார்ந்து எண்ணினேன்.
கெலி லேசில் சாகாது,
சேற்றை மூச்சாக்கிப் பிழைக்கும் சாதி.
அதுவே வயிற்றைக் காட்டிக் கிடந்தது:
நானூற்றுப் பதினேழு.

குளத்தில் பால் ஊற்றாத கோப்பியின் நிறம்.
மேலே எண்ணெய்ப் படலம்,
வெயில் விழுந்தால் அதில் ஒரு மயில்.
அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

இலாகா ஆள் வந்தார்,
போத்தலில் பிடித்தார், லேபிள் ஒட்டினார்,
நான் கலக்கித் தந்த மைலோவைக் குடித்தார்.
நாலு மாதம் கழித்து
செம்பனை ஆலைக்கு அபராதம்.
பணம் புத்ராஜெயாவுக்குப் போனது.
எனக்கு வந்தது
செய்தி போட்ட பத்திரிகை.
அதில்தான் அன்று கருவாடு மடித்தேன்.

வரிக்கணக்கு எழுதும் தணிகேசன்
கோப்பிக்கடையில் சொன்னான்:
"செங்கமலம், அது அபராதம் இல்லை, வாடகை.
ஆற்றை அவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்,
உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.
லிட்டருக்கு இவ்வளவு அழுக்கு விடலாம் என்று
லைசென்சிலேயே எழுதியிருக்கிறது.
அந்த அளவைப் போட்டவன்
உன் மீனைக் கேட்டானா?

உன் நிலத்தில் குப்பை கொட்டினால் என்ன செய்வாய்?"
பாராங்கை எடுப்பேன் என்றேன்.
"ஏன்?"
கிராண்ட் என் பெயரில் இருக்கிறது.
"ஆற்றுக்கு?"

யாருக்கும் சொந்தமில்லாத மாட்டை
எல்லாரும் கறப்பார்கள்,
புல் போட ஒருவர் வரமாட்டார் என்றான்.
போய்ப் பேசு. விலை கேள்.
ஃபைல் வேண்டாம், இலாகா வேண்டாம்,
இரண்டு பேர், ஒரு மேசை.

போனேன்.
மேனேஜர் என்சிக் ஹஸ்புல்லா நல்ல மனிதர்,
நாற்காலி போட்டார், ஏசியைக் குறைத்தார்,
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிவைத்தார்.
கழிவைச் சுத்தமாக்கி விட்டால்
ஆலைக்கு வருஷம் எட்டு லட்சம் செலவு.
என் நஷ்டம் வருஷம் ஒன்பதாயிரம்.
"பன்னிரண்டாயிரம் வெள்ளி தருகிறோம், புவான்.
நீங்கள் மீனை விடுங்கள்,
நாங்கள் தண்ணீரை விடுகிறோம்."

ஒன்பதைவிடப் பன்னிரண்டு பெரியது.
தீனி வாங்க வேண்டாம்,
ராத்திரியில் பம்பு நின்றதா என்று எழ வேண்டாம்.
பேனாவை எடுத்தும்விட்டேன்.

அப்போது ஜன்னல் வழியே அந்த நாற்றம்,
அவருக்கும் எனக்கும் சமமாக.

ஆறு என் வேலியோடு நிற்பதில்லை.
மலிவு வீட்டு வரிசைக்குப் பின்னால் போகிறது,
தூண்டில் போடும் சூசைநாதனைத் தொடுகிறது,
வளைவு தாண்டினால்
ஓராங் அஸ்லி கம்பத்துப் பிள்ளைகள் குளிக்கிறார்கள்.
அவர்களுக்காக நான் விற்கலாமா?

தணிகேசனிடம் கேட்டேன்.
"அவர்களும் மேசைக்கு வரட்டும்."
மேசை எவ்வளவு நீளம், தணிகேசா?
"அரசாங்கத்தின் மேசை எவ்வளவு நீளம்?
அதில் நீ எப்போதாவது உட்கார்ந்திருக்கிறாயா?"

பதில் இல்லை என்னிடம்.
அவனிடமும் இல்லை.
கோப்பிக்குக் காசு மட்டும் அவன் கொடுத்தான்.

ராத்திரி ஒப்பந்தத் தாளைத் திருப்பி
எட்டு லட்சத்தைப் பன்னிரண்டாயிரத்தால் வகுத்தேன்.
அறுபத்தாறு, மிச்சம் கொஞ்சம்.
அறுபத்தேழு பேர் இதே விலை கேட்டால்
ஆலைக்குச் சுத்தம்தான் மலிவு.

ரூலர் வைத்துக் கோடு கிழித்தேன்.
மலிவு வீடுகளில் இருபத்தெட்டு.
சூசைநாதன்.
பம்பு வீட்டுக் காவல்காரர் இத்ரிஸ்.
என்னையும் சேர்த்து முப்பத்தொன்று.
இன்னும் முப்பத்தாறு வேண்டும்,
அது வளைவுக்கு அப்பால்தான்.
அங்கே ஒருவரிடமும் கிராண்ட் இல்லை,
தண்ணீர் மட்டும் இருக்கிறது.

ஹஸ்புல்லா காலையில் போன் செய்தார்:
கையெழுத்து ஆயிற்றா?
ஆகிக்கொண்டிருக்கிறது என்றேன்.

பெருவிரலுக்கு மைப்பெட்டி எடுத்துக்கொண்டேன்.
பைக்கில் பெட்ரோல் பாதி இருந்தது.